வக்கீலம்மாவின் தொண்ணூற்றேழு

வக்கீலம்மா சட்டம் படித்தவள் இல்லை. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் எறிந்த பந்து இவர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அப்பா சண்டைக்குக் கிளம்பினார். இவள் கதவை மறித்துக்கொண்டு, அந்த ஜன்னலுக்குக் கம்பி போடுகிறேன் போடுகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது யார் என்று கேட்டாள். அப்பாவுக்குப் பதில் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அன்றைக்கு வீட்டில் வைத்த பெயர் 'வக்கீல்'. பிறகு வேலைக்குப் போன இடத்தில் கொஞ்சம் மரியாதையும் ஒட்டிக்கொண்டு 'வக்கீலம்மா' ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அம்மா சிறுவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அப்பாவும் இவளும்தான். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். மகள் கல்லூரியில் கணினி அறிவியல் எடுத்தாள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் வருடம் கால அட்டவணையில் ஒரு ஓட்டை விழ, அதை அடைக்கத் தத்துவத்தில் ஒரு பாடம் எடுத்தாள். அங்கேதான் பிடித்தது சனி. இயந்திரம் ஒரு முடிவு எடுத்து அது தப்பாகப் போனால் யார் பொறுப்பு என்று அந்த வகுப்பில் ஒருநாள் கேட்டார்கள். வகுப்பு முடிந்தும் இவள் மட்டும் அந்தக் கேள்வியை விட்டு எழுந்து வரவில்லை. பட்டம் வாங்கும்போது, செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றித்தான் இனி ஆராய்ச்சி என்று முடிவே செய்துவிட்டாள்.

அப்பா இதைத் தமக்குப் புரிந்த மாதிரி ஊரெல்லாம் சொன்னார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கே ஓடிவிட முடியும்? கதவின் இந்தப் பக்கம் நின்று திருகாணியைக் கழற்றியபடியே, "பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்" என்று ஆரம்பித்து, "எம் பொண்ணு மெஷினுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லித்தரப் படிச்சிருக்கா" என்று போய், அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண் வரைக்கும் வந்து நிற்பார். அந்த வட்டாரத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு வக்கீலம்மாவின் வாழ்க்கை வரலாறு மனப்பாடம்.

படித்தவளுக்கு இடம்தான் கிடைக்கவில்லை. 'புதிய பட்டதாரிகளுக்கு அரிய வாய்ப்பு' என்று ஒரு விளம்பரம் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று வருட அனுபவம் வேண்டும் என்றிருக்கும். இன்னொன்றில் ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுக் கட்டுரை இரண்டு கேட்பார்கள். ஆராய்ச்சி செய்ய வாய்ப்புக் கேட்டு வருகிறவளிடம், செய்து முடித்த ஆராய்ச்சி எங்கே என்று கேட்டால் அவள் எங்கே போவாள்? பதினொரு இடத்துக்கு விண்ணப்பித்தாள். ஒன்பது இடத்திலிருந்து மூச்சுப் பேச்சில்லை. இரண்டு இடம் வருத்தம் தெரிவித்தது. அந்த இரண்டு பேரையும் அவள் நல்லவர்கள் என்றே சொல்வாள்.

இதற்கு நடுவே வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அதனால் பட்டம் வாங்கிய மாதமே ஒரு வேலையில் சேர்ந்திருந்தாள். கட்டில், அலமாரி விற்கிற கடையின் மேல்மாடி. பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு ஹெட்போன், எப்போதும் கீழேயிருந்து ஏறிவரும் வார்னிஷ் வாசனை. உடல்நல உதவி எண்ணுக்கு மக்கள் பேசிய அழைப்புகள் ஒலிப்பதிவாக வரும். கேட்டுவிட்டு மூன்று பட்டனில் ஒன்றை அழுத்த வேண்டும்: 'உடனே', 'இன்றைக்குள்', 'காத்திருக்கலாம்'. இப்படி லட்சக்கணக்கில் அழுத்தியதை வைத்து ஓர் இயந்திரம் பாடம் படித்துக்கொண்டது. அதற்கப்புறம் யாராவது அந்த எண்ணுக்கு அழைத்தால், நர்ஸ் யாரிடம் முதலில் பேசுவது, யாரைக் காத்திருக்க வைப்பது என்று வரிசை போட்டுக் கொடுப்பது அந்த இயந்திரம்தான்.

ஒரே பதிவை மூன்று பேர் கேட்பார்கள். இரண்டு பேர் ஒன்றை அழுத்தி மூன்றாமவர் வேறொன்றை அழுத்தினால், அந்த மூன்றாமவருக்கு மதிப்பெண் குறையும். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை. எண்பதுக்குக் கீழே போனால் மேசை காலி. மேலிடத்தார் இதைத் தரக் கட்டுப்பாடு என்றார்கள். மேல்மாடியில் அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு இருந்தது. பேனாவால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் 'உடனே', இரண்டு தட்டினால் 'இன்றைக்குள்', மூன்று தட்டினால் 'காத்திருக்கலாம்'. புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கழிவறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லித்தந்துவிடுவார்கள். மேற்பார்வையாளருக்கும் காது கேட்கும். ஆனால் மாதக் கடைசியில் அறையின் சராசரி தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் மேலிடம் கேக் அனுப்பும், அவரும் இரண்டு துண்டு சாப்பிடுவார். வக்கீலம்மாவும் தட்டினாள், மற்றவர் தட்டியதையும் கேட்டாள். முதல் வாரம் மனசாட்சி கொஞ்சம் முனகியது. பிறகு அதுவும் பழகிக்கொண்டது.

அந்த மாடியில் அவளுக்கு ரொம்ப வேண்டியவர்கள் மூன்று பேர். ஐம்பத்திரண்டு வயதுப் பெரியக்கா, ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தவள். ஆறு வருடமாக இதே நாற்காலி. வக்கீலம்மா பார்த்தவரை தொண்ணூற்றாறுக்குக் கீழே இறங்காத மதிப்பெண். யாருக்குத் தலைவலி வந்தாலும் மாத்திரை அவளுடைய பையிலிருந்துதான் வரும், கூடவே அரை மணி நேரத் திட்டும் வரும். அடுத்தவன் மாப்பிள்ளை. கல்யாணமாகி நான்கு வருடமாகியும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. வாயில் எதுவும் நிற்காது. மூன்றாமவர் மௌனசாமி. நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அன்று மழை வரும் என்பார்கள்.

பன்னிரண்டாவதாக ஒரு வாய்ப்பு வந்தது. ஓர் ஆராய்ச்சி நிலையம், இரண்டு வருடத்துக்குள் பட்டம் பெற்றவர்களிலிருந்து ஒரே ஒருவரை எடுத்து, இந்தத் துறையில் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்ய இடம் தருகிறது. கட்டுரை கேட்கவில்லை, அனுபவம் கேட்கவில்லை. பெயர் முகவரியெல்லாம் நீக்கி, பேசியவர்களின் சம்மதத்தோடு எடுத்த நூறு உதவி எண் அழைப்புகளை அவர்களே அனுப்புவார்கள். அதை வைத்து ஒரு சின்ன சோதனை செய்து, கண்டதை எழுதி அனுப்ப வேண்டும். வக்கீலம்மாவுக்கு இரண்டு வருடக் கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. இதை விட்டால் 'புதிய பட்டதாரி' என்ற தகுதியும் போய்விடும். பிறகு அவள் பழைய பட்டதாரி, அந்த ரகத்தை யாரும் தேடுவதில்லை.

எழுதுவதற்கு அவளுக்கா விஷயம் இல்லை? மதிப்பெண் பயம் இல்லாமல் தனியாகக் கேட்டால், மனிதர்கள் வேறு மாதிரிக் குறிப்பார்களா என்பதே அவளுடைய கேள்வி. வேறு மாதிரிதான் குறிப்பார்கள் என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. மூன்று நண்பர்களிடமும் நூறு பதிவையும் ஆளுக்கொரு தாளையும் சனிக்கிழமை கொடுத்து, "வீட்டுல தனியாக் கேட்டுப் போடுங்க, மார்க் எதுவும் கிடையாது" என்று சொல்லி அனுப்பினாள். தட்டுகிற சத்தம் கேட்கக்கூடாது என்றுதான் அலுவலகத்தில் வைத்துச் செய்யவில்லை. அவ்வளவு யோசித்திருந்தாள்.

திங்கட்கிழமை தாள்கள் வந்தன. நூற்றில் தொண்ணூற்றேழு அழைப்புகளில் மூன்று பேரும் ஒன்றையே குறித்திருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மூக்கு வேர்த்திருக்கும். மூன்று மனிதர்கள் தனித்தனியாக உட்கார்ந்து இவ்வளவு ஒத்துப்போகிற அதிசயம் உலகத்தில் உண்டா? ஆனால் வக்கீலம்மா இரண்டு வருடமாக அந்த மாடியில் வாழ்ந்தவள். தொண்ணூற்றேழு என்ற எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது சந்தோஷம். அப்பாடா, நாம் போட்டதெல்லாம் சரிதான், அந்த இயந்திரம் கெட்டுப்போகவில்லை என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. 'பயம் நீங்கிய நிலையிலும் பயிற்சி பெற்றவர்களின் காது ஒரே மாதிரிதான் கேட்கிறது' என்று பெருமிதத்தோடு எழுதி அனுப்பினாள். அடுத்த மாதம் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அழைப்பு வந்த அன்றைக்கு அப்பா மூன்று கட்டடங்களில் பழுதே இல்லாத லிஃப்டையும் நிறுத்திப் பார்த்தார் என்று கேள்வி.

நேர்காணல் வாரம் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மேசையில் குண்டு விழுந்தது.

"வக்கீலம்மா, தொண்ணூத்தேழுன்னு சொன்னதும் எழுந்து நின்னு கை தட்டப்போறாங்க பாருங்க" என்றான் மாப்பிள்ளை. "சும்மாவா? ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தோம்ல."

"உட்கார்ந்தோமா? யாரு?"

"நாங்க மூணு பேரும்தான். பெரியக்கா வீட்டுல."

மேசைக்கடியில் பெரியக்கா அவன் காலை மிதித்தாள். மிதித்தால் நிற்கிற வாயா அது?

"நூத்துக்கு நூறே வந்திருக்கும். சந்தேகம் வந்துடக்கூடாதுன்னு மூணை மட்டும் மாத்தி வச்சோம். அது இவரு ஐடியா." மௌனசாமியைக் காட்டினான்.

"இயல்பா இருக்கட்டும்னு" என்றார் மௌனசாமி. அன்றைய கோட்டாவில் பாதி அதிலேயே போனது.

வக்கீலம்மா முதலில் சிரித்தாள். மூன்று பேர் ஒரு விடுமுறை நாளைத் தொலைத்து, ஒரே மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து, வக்கீலம்மா ஜெயிக்கணும் என்று ஒவ்வொரு அழைப்புக்கும் பஞ்சாயத்துப் பேசி ஒரே விடையை எழுதியிருக்கிறார்கள். இப்படி யாராவது அவளுக்காக உட்கார்ந்தது உண்டா? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடம் வேறு காரணத்துக்காகக் கலங்கியது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

அவள் அனுப்பியது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லைதான், ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே. வாயை மூடிக்கொண்டு வெள்ளிக்கிழமை போனால் இடம் கிடைத்தாலும் கிடைக்கும், கேட்க ஒரு நாதி இல்லை. வாயைத் திறந்தால், தப்பான எண்ணை எழுதியவள் என்று வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அதோடு நண்பர்களையும் காட்டிக்கொடுத்ததாகும்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னாள். அவர் தட்டில் கையை வைத்தபடி முழுதும் கேட்டார்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"நீதான் யார்கிட்டயும் சொல்ல மாட்டியே."

"அப்பா, நான் கேட்கப்போற வேலையே தப்பு எங்க நடக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுதான்."

"முதல்ல இடத்தைப் பிடி. அப்புறமா ஒவ்வொண்ணா கண்டுபிடி. முதல் தப்பு உன்னோடதாத்தான் இருக்கணுமா?"

மகள் பாசத்தில் மனிதர் நியாயத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. பதினொரு முறை அவள் மின்னஞ்சலைத் திறந்து மூடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். வக்கீலம்மா எழுந்து தட்டுகளைக் கழுவினாள். கழுவி முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் அதிலும் ஒரு முறை இருக்கிறது. சோதனைக்கு உட்கார்ந்தவர்களைப் பற்றி எதைச் சொல்வதானாலும் அவர்களுடைய சம்மதம் வேண்டும். ஆராய்ச்சி அறத்தில் இதுதான் முதல் பாடம். புதன்கிழமை காலை, ஹெட்போனை மாட்டுவதற்கு முன்பே பெரியக்காவிடம் போனாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை நான் உண்மையைச் சொல்லிடலாம்னு இருக்கேன். பேர் எதுவும் வராது. ஆனா உங்களைக் கேக்காம சொல்ல மாட்டேன்."

பெரியக்கா ஹெட்போன் ஒயரின் சிக்கலை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னன்னு சொல்லுவே? மூணு பேரும் சேர்ந்து ஏமாத்திட்டாங்கன்னா?"

"இல்லக்கா. உங்க மேல தப்பே இல்ல."

"பின்ன எதைச் சொல்லப்போறே?" பெரியக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஆறு வருஷமா தினமும் இப்படித்தான் பண்றோம். நீயும் ரெண்டு வருஷமா பண்ணியிருக்கே. கேக் சாப்பிட்டிருக்கே. அப்பல்லாம் தப்பில்ல. உனக்காக ஒருநாள் பண்ணினா மட்டும் தப்பாப் போச்சா?"

ஒன்பது வயதில் அப்பாவை வாயடைக்க வைத்தவளுக்கு இதற்கு மட்டும் பதில் வரவில்லை. பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்ற இருவரும் சரி என்று தலையாட்டினார்கள், மாப்பிள்ளை கிட்டத்தட்ட அழுதுவிட்டான். பெரியக்கா அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கோ தலைவலி வந்தது, மாத்திரையை மேசையில் வைத்துவிட்டுத் திட்டாமலே போனாள். அதைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பெரியக்கா வேலைக்கு வரவில்லை. ஆறு வருடத்தில் முதல் முறை. வக்கீலம்மாவுக்கு அன்று எதுவும் ஓடவில்லை. ஓர் இடத்துக்காக ஒரு மனுஷியை இழந்துவிட்டோம் என்றே நினைத்தாள். அந்த இடமும் கிடைக்கப்போவதில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அப்பா திறந்தார். பெரியக்கா ஒரு கையில் பையும் மறு கையில் மூன்று தாளுமாக நின்றாள். உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளை நீட்டினாள்.

"மறுபடி போட்டோம். நேத்து சாயங்காலம் ஃபோன்ல சொன்னேன், அவனுங்க ரெண்டு பேரும் வீட்டுல தனித்தனியாப் போட்டானுங்க. மாப்பிள்ளை ஃபோனைப் பிடுங்கி வச்சுக்கச் சொல்லி அவன் பொண்டாட்டிகிட்டயே சொல்லிட்டேன். நான் இன்னைக்குப் போட்டேன். காலையிலேர்ந்து."

வக்கீலம்மா மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இப்போது மூவரும் ஒத்துப்போனது ஐம்பத்தெட்டில் மட்டும். பெரியக்காவின் தாளை மட்டும் தனியாக எடுத்து, ஞாயிற்றுக்கிழமைத் தாளோடு வரி வரியாக ஒப்பிட்டாள். முப்பத்தொரு இடத்தில் மாறியிருந்தது. அநேகமாக எல்லாமே ஒரே திசையில்தான். முன்பு 'காத்திருக்கலாம்', இப்போது 'உடனே'.

"அக்கா, இந்த முப்பத்தொண்ணும் உங்களுக்கு நிஜமாவே இப்படித்தான் கேட்டுச்சா?"

"பின்ன? அந்த ஆளுங்க பேசறதைக் கேளேன். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க, ஒண்ணும் அவசரமில்லன்னு ஆரம்பிக்கிறாங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல மூச்சு நிக்குது. கத்தறவங்களுக்குக் கத்தறதுக்குத் தெம்பு இருக்கு. இவங்களுக்கு அதுவும் இல்ல. வரவேற்பு மேசைக்கு முன்னாடி இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். நாற்காலியில ஒழுங்கா உட்கார்ந்து முறை வரட்டும்னு காத்திருப்பாங்க. அப்படியே சாஞ்சிருவாங்க."

"எப்பலேர்ந்துக்கா இப்படிக் கேக்குது?"

"முதல் நாள்லேர்ந்து." பெரியக்கா பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "முதல் மாசம் எனக்கு எண்பத்தொண்ணு. எச்சரிக்கை வந்துச்சு. எல்லாரும் காத்திருக்கலாம்னு போடறப்ப நான் மட்டும் உடனேன்னு போட்டுட்டிருந்தேன். சரி, நமக்குத்தான் காது சரியில்ல போலன்னு நினைச்சேன். மத்தவங்க என்ன போடுவாங்கன்னு பார்த்துப் போட ஆரம்பிச்சேன். ரெண்டே மாசம், தொண்ணூத்தாறு."

அப்பா ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முன் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அவர் 'யாருக்குத் தெரியப்போகுது' என்று சொல்லவேயில்லை.

"நாளைக்குச் சொல்லிக்கோ" என்றாள் பெரியக்கா, எழுந்துகொண்டே. "ஆனா ஏமாத்தினாங்கன்னு சொல்லாதே. எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்னு சொல்லு."

"பழக்கினாங்கன்னு சொல்றேன்க்கா."

"ஆமா, அது. எனக்கு நீட்டி முழக்கிச் சொல்லத் தெரியாது, உனக்குத்தான் வாய் இருக்கே."

வெள்ளிக்கிழமை நேர்காணல் அறையில் நீள மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். தலைமைப் பேராசிரியை ஒருவர், குட்டை முடி, மேசையில் பாதி குடித்த தேநீர். பக்கத்தில் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஓர் அதிகாரி. வணக்கம் சொன்ன கையோடு வக்கீலம்மா ஆரம்பித்துவிட்டாள். நான் அனுப்பிய தொண்ணூற்றேழு உண்மையில்லை என்றாள். மேல்மாடி, மதிப்பெண், பேனா, ஞாயிற்றுக்கிழமை, வியாழக்கிழமை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை.

அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "விண்ணப்பத்துல தவறான முடிவு இருந்தா நிராகரிக்கணும்னு விதி இருக்கு. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆறாவது பக்கம்."

பேராசிரியை கேட்டார்: "தொண்ணூத்தேழு வந்தப்ப உங்களுக்குச் சந்தேகமே வரலையாம்மா?"

"வரலைங்க மேடம். சந்தோஷம்தான் வந்தது."

"ஏன்?"

"எங்க ரூம்ல அந்த எண் பெருசா வந்தா கேக் வரும் மேடம்." பேராசிரியையின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. வக்கீலம்மா மிச்சத்தையும் சொன்னாள். "அப்புறம், நான் அழுத்தின பட்டனும் அந்த மெஷினுக்குள்ள இருக்கு. அது சரியா இருந்துடணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஆசைப்பட்டதைக் கணக்கு காட்டுச்சு, நான் நம்பிட்டேன்."

பிறகு பேராசிரியை பெரியக்காவின் இரண்டு தாள்களையும் வாங்கி, தம்முடைய மடிக்கணினியில் ஒரு கோப்பைத் திறந்தார். அந்த நூறு பேருக்கும் பிற்பாடு என்ன ஆனது என்ற விவரம் நிலையத்திடம் இருந்தது, விண்ணப்பித்தவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. மாறிய முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். அதிகாரியும் எட்டிப் பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போனது.

"இருபத்தாறு" என்றார் பேராசிரியை. "இருபத்தாறு பேரை அன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க." தாளின் ஓரத்தை விரலால் தடவியபடி, "இவங்களை இப்ப எந்த வேலையில வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"அதே வேலையிலதான் மேடம்" என்றாள் வக்கீலம்மா.

எட்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. விதியை அவர்கள் முழுசாக விடவில்லை. ஒரு வருட இடத்தை ஆறு மாதமாகக் குறைத்திருந்தார்கள். மீதி ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் என்று அதிகாரி ஒரு வரி சேர்த்திருந்தார். அப்பா அந்த வரியைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டினார்களோ, பாவம்.

வக்கீலம்மா ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே யோசனை. இடம் கிடைத்ததைச் சொல்வது எளிது. இருபத்தாறைச் சொல்வது எப்படி? உங்கள் காது சரி என்று சொன்னால், ஆறு வருடமாக அந்தக் காது கேட்டதற்கு எதிராக விரல் அழுத்தியிருக்கிறது என்றும் சொன்னதாகிவிடுமே. சொல்லாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு முறை நின்றாள். இந்த வேலை கிடைத்த கையோடு இப்படியா என்று மறுபடி நடந்தாள்.

பெரியக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தைக் கிள்ளினாள். ஆறு மாதம் என்றால் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்கி வேலை பார் என்று பத்து நிமிடம் திட்டினாள். அதற்கப்புறம்தான் சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து, எங்கோ பார்த்தபடி கேட்டாள்.

"எம் பேப்பரைப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்கக்கா."

"என்ன சொன்னாங்க?"

"முப்பத்தொண்ணுல இருபத்தாறு சரின்னு சொன்னாங்க."

பெரியக்காவின் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அது. அந்த முகம் அப்படியே இருக்கும்போதே கண் மட்டும் மெல்ல மாறியதை வக்கீலம்மா பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு இருநூறு கேக்கறோம்" என்றாள் பெரியக்கா. "ஆறு வருஷம்."

அதற்கு மேல் அவளால் பெருக்க முடியவில்லை. வக்கீலம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பெரியக்கா சத்தமே இல்லாமல் அழுதாள். நானும் பட்டன் அழுத்தினவதான் அக்கா என்று வக்கீலம்மா சொன்னாள். தெரியும், நீயும் சேர்த்துத்தான் என்றாள் பெரியக்கா. அதில் கோபம் இல்லை.

ரொம்ப நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மீதி அஞ்சு எது?"

"என்னக்கா?"

"தப்பாப் போட்ட அஞ்சு. உன் பையில மடிக்கணினி இருக்குல்ல? எடு. எங்க கோட்டை விட்டேன்னு எனக்குத் தெரியணும்."

"இன்னைக்கே வேணுமாக்கா?"

"இன்னைக்கே. இனிமே அந்த மெஷினுக்கு யாராவது திருப்பிச் சொல்லித்தரணும்ல?"

வக்கீலம்மா மடிக்கணினியை மேசையில் வைத்து, பேராசிரியை தாளில் குறித்துத் தந்திருந்த ஐந்து பதிவுகளையும் எடுத்து வரிசையாக வைத்தாள். ஹெட்போனைப் பொருத்திக் கொடுத்தாள். பெரியக்கா அதைக் காதில் மாட்டிக்கொண்டாள். பதிவை ஓட விடாமல் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"நீ கொஞ்சம் வெளிய போய் நில்லு."

"ஏன்க்கா?"

"உன் முகத்தைப் பார்த்துட்டே கேட்டா உனக்குப் பிடிச்சதைத்தான் சொல்லுவேன்."

வக்கீலம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.